மலையோரக் குழந்தையின் முதல் அடி

எல்லைப்புறப் பகுதிகளில் குழந்தைகளின் உடலியக்க வளர்ச்சி குறித்து மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

நாட்டின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அணைகளையும் சாலைகளையும் விளைச்சலையும் எண்ணிப் பார்க்கிறோம். ஒரு குழந்தை எந்த மாதத்தில் தலையை நிமிர்த்தியது, எந்த மாதத்தில் உட்கார்ந்தது, எப்பொழுது எழுந்து நடந்தது என்பதும் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டிய செய்தியே. குழந்தையின் இயக்கம் தாமதமாவதை உரிய காலத்தில் கண்டறியாவிட்டால், அதன் கல்வியும் உழைப்பும் தன்னம்பிக்கையும் பின்னர் எத்தனை திட்டங்கள் தீட்டினாலும் முழுமையாக ஈடு செய்ய இயலாதவாறு பாதிக்கப்படுகின்றன.

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் களம் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறமாகும். இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவன அல்ல; எனினும் இரண்டும் தமிழ்நாட்டை ஒட்டியுள்ளன. பாலக்காட்டில் சித்தூர் வட்டமும் அட்டப்பாடி மலைப்பகுதியும், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழும் இடங்கள். சமவெளி உழவர்கள், தேயிலை, ஏலத் தோட்டத் தொழிலாளர்கள், இருளர், முடுகர், குறும்பர், முதுவர் முதலிய பழங்குடியினர் ஆகியோரின் குழந்தைகளே நம் பேச்சின் மையம்.

நம் முன்னோர் அறிந்த பருவங்கள்

குழந்தை வளர்ச்சியைப் படிப்படியாக நோக்குவது நமக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தது. 5-ஆம் மாதத்துக்குரிய செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி அசைகிறது. 9-ஆம் மாதத்துக்குரிய சப்பாணிப் பருவத்தில் உட்கார்ந்து கைகொட்டுகிறது. 13-ஆம் மாதத்தையொட்டிய வருகைப் பருவத்தில் தளர்நடையிட்டு வருகிறது. பின்னர் மணலில் சிற்றில் இழைத்தும், பறை முழக்கியும், தேர் உருட்டியும் விளையாடுகிறது. கழுத்து, முதுகு, இடுப்பு, கால், விரல் என்ற வரிசையில் உடல் தன்வசப்படுவதை இப்பகுப்பு எத்துணை நுட்பமாகக் கண்டுள்ளது!

இதே வரிசையை உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் நலமுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2006-இல் எண்களால் வெளியிட்டது. அதன்படி, துணையின்றி உட்காருதல் 3.8 முதல் 9.2 மாதத்துக்குள்ளும், தனியே நிற்றல் 6.9 முதல் 16.9 மாதத்துக்குள்ளும், தனியே நடத்தல் 8.2 முதல் 17.6 மாதத்துக்குள்ளும் நிகழ்கின்றன. சுமார் 4 சதவீதக் குழந்தைகள் முழந்தாளிட்டுத் தவழாமலேயே நடந்துவிட்டன.

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. முதலாவது, குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு பெரிது; ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவது, அவ்வேறுபாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை கடந்த பின்னரும் 'அவன் அப்பாவும் தாமதமாகத்தான் நடந்தான். தானாகச் சரியாகிவிடும்' என்று காத்திருப்பது தவறு.

எப்பொழுது ஐயம் கொள்ள வேண்டும்?

4 மாதம் நிறைந்தும் தலை நிற்காமை, அதே வயதிலும் கைகள் இறுக மூடியே இருத்தல், 9 மாதம் கடந்தும் துணையின்றி உட்காராமை, 18 மாதமாகியும் நடவாமை, ஓராண்டு நிறையும் முன்பே எப்பொழுதும் ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல், கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்டுக்கொள்ளுதல், உடல் துவண்டிருத்தல், உறிஞ்சவும் விழுங்கவும் இடர்ப்படுதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். முன்பு செய்துவந்த ஒன்றைக் குழந்தை செய்யாமல் போகுமாயின், எந்த வயதாயினும் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

காரணங்கள் பல. குறைமாதப் பிறப்பு, குறைந்த எடை, பிறந்தவுடன் மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் ஆகியவை மூளையைப் பாதித்து மூளை முடக்குவாதத்துக்கு இடந்தரலாம். தைராய்டுச் சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு போன்ற, மருந்தாலும் உணவாலும் சீர்செய்யத்தக்க காரணங்களும் உண்டு. ஆகையால் பயிற்சியைத் தொடங்கும்போதே மருத்துவப் பரிசோதனையும் நடைபெற வேண்டும். 2013-இல் அட்டப்பாடியில் நேர்ந்த குழந்தை இறப்புகள் நாடு முழுவதன் கவனத்தையும் ஈர்த்தன. ஊட்டக்குறைவும் குறைந்த பிறப்பெடையும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. குறைந்த எடையுடன் பிறந்து உயிர் பிழைத்த குழந்தையை அதன்பின் யார் தொடர்ந்து கவனிப்பது என்னும் வினாவும் அதே அளவு முக்கியமானது. உயிரைக் காப்பது முதற்கடமை. காத்த உயிர் நிமிர்ந்து அமர உதவுவது அதன் தொடர்ச்சி.

விரைவு ஏன் தேவை? முதல் ஈராண்டுகளில் மூளை மிக விரைந்து வளர்கிறது. பாதிக்கப்பட்ட வழிக்கு மாற்றாகப் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளும் ஆற்றலும் அப்பொழுது மிகுதி. மேலும், பயன்படுத்தப்படாத தசை குறுகும், மூட்டு இறுகும், இடுப்பெலும்பு இடம் பெயரவும் கூடும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பணியைக் கடினமாக்குகிறது.

இரு சிகிச்சைகள்

பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சை உடலின் பெரிய இயக்கங்களைக் கவனிக்கிறது. கழுத்து நிற்பது, புரள்வது, அமர்வது, எழுவது, நடப்பது ஆகியவற்றுக்கு வேண்டிய வலிமையையும் சமநிலையையும் அது வளர்க்கிறது. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையின் பெயரைக் கேட்டுச் சிலர் மயங்குவர். குழந்தைக்கு ஏது தொழில்? உண்பது, உடுப்பது, விளையாடுவது, எழுதக் கற்பது ஆகியவையே குழந்தையின் தொழில்கள். இரு விரலால் பொரியைப் பொறுக்குவதும், கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோவதும், சட்டைப் பொத்தானை மாட்டுவதும் இச்சிகிச்சையின் எல்லைக்குள் அடங்கும். ஒன்று குழந்தையை எழுந்து நிற்கச் செய்கிறது. மற்றொன்று, நின்ற குழந்தை தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள வழி காட்டுகிறது. நடைமுறையில் இரண்டும் இணைந்தே செல்கின்றன.

இத்துறைகள் நம் நாட்டில் வேரூன்றி முக்கால் நூற்றாண்டாகிறது. தொழில்வழிச் சிகிச்சைக்கான பயிற்சிப் பள்ளியைக் கமலா நிம்ப்கர் அம்மையார் 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கினார். கேரளத்தில் பிறந்து வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் ஒரு விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே மருத்துவம் செய்து, அங்கு மறுவாழ்வுத் துறையை வளர்த்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே மருத்துவத் தொண்டுக்கு எல்லைக்கோடு இருந்ததில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

ஒரு மணி நேரமும் எழுபது மணி நேரமும்

இனி நடைமுறைக்கு வருவோம். தேவிகுளம் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு வயது ஒன்று, இன்னும் உட்காரவில்லை. வாரம் ஒரு முறை சிகிச்சை நிலையத்துக்கு அழைத்து வருமாறு கூறுகின்றனர். தாய் கொழுந்து பறிப்பவள். ஒரு நாள் சென்றால் ஒரு நாள் கூலி போகும். மலைப்பாதையில் போக வரப் பேருந்து, மழைக்காலத்தில் மண்சரிவு. முதல் மாதம் நான்கு முறை செல்வாள், இரண்டாம் மாதம் இரு முறை, பிறகு நின்றுவிடும். பதிவேட்டில் 'தொடர்ந்து வரவில்லை' என்று எழுதப்படும். தவறு தாயினுடையதா, ஏற்பாட்டினுடையதா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். அக்குழந்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 மணி நேரம் விழித்திருக்கிறது. வாரத்துக்கு 70 மணி நேரம். தவறாமல் சென்றாலும் அதில் 1 மணி நேரமே சிகிச்சையாளரிடம் கழிகிறது. எஞ்சிய 69 மணி நேரம் தாயின் மடியிலும், பாட்டியின் இடுப்பிலும், காப்பகத்தின் பாயிலும், அங்கன்வாடியின் தரையிலும் கழிகிறது. எனவே சிகிச்சையாளரின் தலையாய பணி அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தையின் கைகால்களை அசைத்துவிடுவதன்று. எஞ்சிய நேரத்தைப் பயனுள்ளதாக்கும் வழியை வீட்டாருக்குக் கற்பிப்பதே.

அறிவியலும் இதையே வலியுறுத்துகிறது. பிறர் கைகால்களை நீட்டி மடக்கிவிடுவதால் மட்டும் இயக்கத் திறன் வளர்வதில்லை. எட்டாத பொருளை எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற ஆவலோடு குழந்தை தானே முயல்வதும், அன்றாடச் சூழலிலேயே ஒரு குறிப்பிட்ட செயலைத் திரும்பத் திரும்பப் பழகுவதுமே பலன் தருகின்றன.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. விழித்திருக்கும்போது, பெரியவர் பார்வையில், குழந்தையை அவ்வப்போது சிறிது நேரம் பாயில் குப்புறப் படுக்க வைத்து, முன்னால் ஒரு பளபளப்பான எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும். உறங்கும்போது மட்டும் மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும். உட்காரத் தள்ளாடும் குழந்தையைச் சுவர் மூலையில் அமர்த்தி, இருபுறமும் சுருட்டிய பழஞ்சேலையை அணை கொடுத்து, எதிரே விளையாட்டுப் பொருளை வைக்கலாம். கால்கள் விறைக்கும் குழந்தையைக் கால்களைச் சேர்த்து ஏந்தாமல், இடுப்பில் இருபுறமும் கால் விரிய அமர்த்தித் தூக்கலாம். முதுவர் குலப் பெண்கள் குழந்தையை முதுகில் துணியால் கட்டிச் சுமப்பது வழக்கம். கால் விரிந்த நிலையில் அவ்வாறு சுமப்பது இடுப்பு மூட்டுக்கும் நன்று. தாயின் கைகளுக்கும் ஓய்வு. உணவூட்டும்போது தலையைப் பின்னால் சாய்க்காமல் நிமிர்த்தி வைத்தால் உணவு மூச்சுக்குழாயில் புகும் ஆபத்து குறையும். பயன்படாத கையின் பக்கமே பொருளை நீட்ட வேண்டும். டப்பா மூடியைத் திறத்தல், மாவு பிசைதல் போன்ற இரு கை வேலைகளில் குழந்தையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. தூளி உறக்கத்துக்கு ஏற்றது. பகல் முழுவதும் குழந்தையை அதிலேயே இட்டால் புரளவும் தவழவும் வாய்ப்பின்றிப் போகும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் அன்பு உண்டு. ஆனால் விறைத்த மூட்டை வலிந்து இழுத்தால் தீங்கு நேரும். குழந்தையை உட்கார வைத்து ஓடவிடும் சக்கர நடைச்சாதனம் நடையைக் கற்பிப்பதில்லை. விபத்துகளுக்குக் காரணமாவதால் கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் ஊர்த் தச்சர் செய்யும் மூன்று சக்கர நடைவண்டியோ வேறு வகையானது. அதில் குழந்தை தன் கால்களாலேயே நின்று, தானே தள்ளி நடக்கிறது; எழுந்து நிற்கும் குழந்தைக்கு, சமதளத்தில், பெரியவர் மேற்பார்வையில் அது ஏற்ற துணை.

மொழி என்னும் மருந்து

எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு தடையை இங்குக் குறிப்பிட வேண்டும். சிகிச்சையாளர் மலையாளத்தில் 'கமிழ்த்திக் கிடத்துக' என்கிறார். தமிழ்த்தாய்க்கு அது 'குப்புறப் படுக்க வை' என்று விளங்க வேண்டும். விளங்காவிட்டாலும், படித்தவர் முன் நாணித் தலையசைத்து வந்துவிடுவாள். வீட்டில் பயிற்சி நடவாது. இருளர், முதுவர் பேச்சு தமிழுக்கு நெருங்கியதாயினும் தனித்தன்மை உடையது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் பதில் பெறவும் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அன்றே இடமளித்தது. மனு எழுத உதவும் மொழி, குழந்தையை எப்படி ஏந்துவது என்று சொல்லவும் உதவ வேண்டாமா?

நம் கையிலுள்ள வழிகள்

வழிகள் இல்லாமலில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் மலைச் சிற்றூர்களிலும் உள்ளன. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிந்து, மாவட்ட முற்கால இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வழி வகுத்தது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய வளர்ச்சி அட்டவணையில், 2 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு 17 செயல்களே கேட்கப்படுகின்றன. குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்புறமுள்ள செயல்களைக் குழந்தை செய்கிறதா என்று பார்த்தாற்போதும். பயிற்சி பெற்ற எந்த ஊழியரும் சில நிமிடங்களில் இதைச் செய்துவிடலாம்.

எல்லைக்கு அப்பால், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கம், சமுதாய மறுவாழ்வு ஊழியர்களைச் சிற்றூர் வீடுகளுக்கே அனுப்பி, வல்லுநர் வகுத்த பயிற்சியைத் தாய்மாருக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்துள்ளது. மூணாறில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென 1990-களின் தொடக்கத்தில் உருவான பள்ளியும், அதனையொட்டி எழுந்த 'அரண்யா' இயற்கைச் சாயப் பட்டறையும், 'அதுல்யா' காகிதப் பட்டறையும், அத்தகைய குழந்தைகள் வளர்ந்து ஊதியம் பெற்று வாழ இயலும் என்பதைக் காட்டின.

செய்ய வேண்டியவை

அலுவலர்களின் கவனத்துக்குச் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, குறைந்த எடையுடனோ மூச்சுத் திணறலுடனோ பிறந்த ஒவ்வொரு குழந்தையையும், ஐயம் எழும்வரை காத்திராமல், ஈராண்டு வரை தொடர்ந்து பரிசோதிக்கும் பட்டியல் ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டுப் பயிற்சி அட்டைகள் படங்களுடன் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். பழங்குடி ஊர்களில் அவ்வூர்ப் பெண் ஒருவரே பயிற்சி பெற்றுச் செய்து காட்ட வேண்டும்.

மூன்றாவது, தோட்டக் குழந்தைக் காப்பகங்களைப் பயன்படுத்த வேண்டும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இக்காப்பகங்களுக்கு வழி செய்தது. தாய் மலையில் கொழுந்து பறிக்கும் நேரமெல்லாம் குழந்தை இருக்குமிடம் அது. அங்குள்ள ஆயாவுக்கு அளிக்கும் சில நாள் பயிற்சி மிகுந்த பலன் தரும்.

நான்காவது, சித்தூர்க் குடும்பம் கோவைக்கும், பீர்மேட்டுக் குடும்பம் தேனிக்கும் செல்வது இயல்பு. இரு மாநில மருத்துவர்களும் படித்தறியத்தக்க ஒரே சிகிச்சைக் குறிப்பேடு பெற்றோர் கையில் இருக்குமானால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை ஏற்படாது.

ஐந்தாவது, வீட்டில் பயிற்சி என்பதன் பெயரால் சுமை முழுவதையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டு அரசு விலகிக்கொள்ளலாகாது. இதை அழுத்தமாகக் கூற விரும்புகிறேன். ஏற்கெனவே தோட்டத்திலும் அடுப்படியிலும் உழைப்பவள் அவள். ஆகவே குளிப்பாட்டல், உணவூட்டல் போன்ற அன்றாட வேலைகளுக்குள்ளேயே அடங்கும் பயிற்சிகளை வகுப்பதும், தந்தையையும் பாட்டியையும் பயிற்றுவதும், மாதம் ஒரு முறையேனும் சிகிச்சையாளர் மலையேறி வருவதும், மையத்துக்கு வர நேரும் நாளில் கூலியிழப்பையும் பயணச் செலவையும் ஈடு செய்வதும் திட்டத்தின் பகுதிகளாக வேண்டும்.

எதை எதிர்பார்க்கலாம்?

மாணவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மூளை முடக்குவாதத்தைச் சிகிச்சை அடியோடு நீக்கிவிடும் என்று வாக்களிப்பது உண்மைக்கு மாறானது. சில குழந்தைகள் நடப்பர்; சிலர் ஊன்றுகோலுடன் நடப்பர்; சிலருக்குச் சக்கர நாற்காலியே கால்களாகும். தன் கையால் உண்பதும், தெருப்பிள்ளைகளோடு விளையாடுவதும், பள்ளிக்குச் செல்வதும், தன் விருப்பத்தைத் தெரிவிப்பதும் ஆகிய எல்லாமே வெற்றிகள்தாம். ஊனத்தை உடலின் குறையாக மட்டும் காணாமல், சமுதாயத்தில் பங்கேற்கும் வாய்ப்போடு சேர்த்துக் காண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வகுத்த நெறியும், நம் நாட்டின 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதே நோக்குடையவை. பெற்றோரிடம் பேசும்போது, 'இது உங்கள் பாவத்தின் பயனன்று. யாருடைய குற்றமுமன்று' என்பதையே முதலில் சொல்லுங்கள். அச்சொல்லும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நண்பர்களே, ஒரு குழந்தைக்கு ஐயம் எழுந்த நாளுக்கும் உதவி கிடைத்த நாளுக்கும் இடையே எத்தனை மாதங்கள் கழிந்தன என்று உங்கள் பதிவேடுகளில் கணக்கிட்டுப் பாருங்கள். சிகிச்சை பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அந்த இடைவெளியே நம் பணியின் உண்மையான அளவுகோல். அதைக் குறைப்பதற்குப் பெரிய கட்டடங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அங்கன்வாடி ஊழியர், ஓர் அட்டவணை, தாய்க்கு விளங்கும் மொழியில் ஓர் அட்டை, மலையேறி வரும் ஒரு சிகிச்சையாளர் ஆகியவை போதும், தொடங்குவதற்கு.